தொண்ணூற்றேழு சதவீத சுகம்

அயனிவிளையை ஒலிவமலைப் பல்கலைக்கழகம் தத்தெடுத்து ஐந்து வருடமாகிறது. தாயும் தகப்பனும் உயிரோடிருக்கிற பிள்ளையைக் கேளாமல் கொள்ளாமல் யாரும் தத்தெடுக்க மாட்டார்கள், ஊரென்றால் கேட்பாரில்லை. மார்த்தாண்டத்திலிருந்து வரும் ரோட்டில், ஊர் விலக்கில், பச்சைப் பலகை ஒன்றை நட்டு, வேந்தர் ஒரு குழந்தையின் தலையில் கைவைத்து ஆசீர்வதிக்கிற படத்தையும் அதில் போட்டார்கள். அந்தக் குழந்தை ஊரில் யார் வீட்டுப் பிள்ளை என்று நேசம்மாள் அன்றிலிருந்து விசாரித்துக்கொண்டிருக்கிறாள். இன்னும் துப்புக் கிடைக்கவில்லை.

ஒலிவமலையில் ஒலிவ மரம் கிடையாது. ரப்பர் இருந்தது; அதை வெட்டித்தான் கட்டினார்கள். முதலில் பாலிடெக்னிக். பிறகு இன்ஜினியரிங். இன்ஜினியரிங்குக்குப் பிள்ளைகள் வருவது நின்றதும் நர்சிங், அதன் தலைமேல் மருத்துவக் கல்லூரி. சீட்டுக்குக் கிராக்கி எந்தப் பக்கம் திரும்பியதோ அந்தப் பக்கமெல்லாம் அவர்களுடைய கல்வித் தொண்டும் திரும்பியது. மருத்துவக் கல்லூரி என்றால் ஏதாவது கிராமத்துக்குச் சேவை செய்ததாகக் காகிதம் காட்ட வேண்டுமாம். அப்படிக் காட்டக் கிடைத்த காகிதம்தான் அயனிவிளை.

இருந்தாலும் பொல்லாப்புச் சொல்லக்கூடாது. அந்தத் தத்தெடுப்பில் உருப்படியாக ஒன்று நடந்தது. ஊர்த் திருச்சபையின் பழைய ஓய்வுநாள் பள்ளிக் கட்டடத்தில் பல்கலைக்கழகம் ஒரு மருத்துவ மையம் வைத்து, பிரீனா என்கிற நர்ஸை அங்கே போட்டது. இருபத்தேழு வயது, குலசேகரம் பக்கத்துப் பெண், ஒப்பந்த வேலை. திறப்பு விழாவுக்கு வந்த டாக்டர்கள் ரிப்பனை வெட்டிவிட்டுப் போனவர்கள்தான். மாதம் ஒருமுறை ஒருவர் வந்து, காரை விட்டிறங்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். பிரஷர் பார்ப்பது, சுகர் பார்ப்பது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது, யாரை எந்த ஆஸ்பத்திரிக்கு எப்போது ஓட்ட வேண்டும் என்று சொல்வது எல்லாம் பிரீனா. அயனிவிளைக்குப் பல்கலைக்கழகம் என்றால் பிரீனாதான்.

நேசம்மாளுக்கு ஐம்பத்தாறு வயது. அண்டியாபீஸ் என்று ஊர் சொல்கிற முந்திரி ஆலையில் கொட்டை உடைக்கிற வேலை. விரலெல்லாம் அண்டிப்பால் பட்டுக் கறுத்திருக்கும். புருஷன் சத்தியராஜ் முப்பது வருடம் ரப்பர் பால்வெட்டப் போனவர். சர்க்கரை நோய் காலின் உணர்ச்சியைத் தின்றுவிட்டது. போன வருடம் மூங்கில் சிலாம்பு ஏறியது தெரியாமல் இரண்டு நாள் நடந்திருக்கிறார். வலது பெருவிரலுக்கு அடியில் எலுமிச்சம்பழம் அளவுக்குப் புண். விரலை எடுக்க வேண்டிவரும், விட்டால் பாதத்தையும் எடுக்க வேண்டிவரும் என்று மார்த்தாண்டத்து டாக்டர் சொன்னார். ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்ற வேண்டும், காலை ஊன்றக் கூடாது என்றும் சொன்னார். அதே வாயால், இரண்டு பஸ் மாறி இங்கே வந்து மாற்றிக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார்.

இரண்டு பஸ் மாறாமல் அந்தக் காலைக் காப்பாற்றியது பிரீனா. எட்டு மாதம், ஒருநாள் தப்பவில்லை. எலுமிச்சம்பழம் புளியங்கொட்டையாகச் சுருங்கியிருந்தது. இன்னும் இரண்டு மூன்று மாதம் இப்படியே போனால் மூடிவிடும் என்று அவள் சொன்ன வாரத்தில்தான் அந்தச் செய்தியையும் சொன்னாள்.

"மாமி, வெள்ளிக்கிழமையோட சென்டரப் பூட்டப் போறாவ."

"பூட்டவா? எதுக்குட்டி?"

"ஊருக்கு சொகமாயிட்டாம். சர்வேல அப்பிடித்தான் வந்திருக்காம். இனி சென்டரு தேவையில்லண்ணு எழுதியாச்சு."

நேசம்மாள் புருஷனின் காலைப் பார்த்தாள். பிரீனா அப்போதுதான் சீழைத் துடைத்துப் பஞ்சைக் கிண்ணத்தில் போட்டிருந்தாள்.

"பின்ன இந்த மனுசனுக்க கால்ல இருந்து வாறது என்னதுட்டி? பன்னீரா?"

சர்வே எடுத்தது நேசம்மாளுக்கு நினைவிருந்தது. மூன்று மாதத்துக்கு முன்பு வெள்ளைக் கோட்டுப் போட்ட பிள்ளைகள் ஒரு பஸ் நிறைய வந்து இறங்கினார்கள். கையில் ஆளுக்கொரு தொடுதிரைக் கருவி. அவள் வீட்டு வாசலுக்கும் இரண்டு பெண்கள் வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று, "சுகமா ஆன்ட்டி?" என்று கேட்டார்கள். மரியாதை தெரிந்த பிள்ளைகள் என்று இவளுக்கு ஒரே சந்தோஷம். "சொகந்தான் மக்களே, கர்த்தருக்க கிருபை. உள்ள வந்து இரியுங்க, சாய போடுகேன்" என்று அடுக்களைக்குப் போனாள். சாயாவும் கையுமாகத் திரும்பியபோது வாசலில் யாருமில்லை. பிள்ளைகள் அடுத்த வீட்டு வாசலில் நின்றன. பிறகு வந்து நிதானமாகக் கேட்பார்கள் போலிருக்கிறது என்று இவளும் விட்டுவிட்டாள்.

சபைச் செயலாளர் பெனிஷிடம் போய் நின்றாள். கட்டடம் சபையுடையது, ஒரு வார்த்தை கேட்கலாமே என்று. பெனிஷின் மகளுக்கு ஒலிவமலையில் பார்மஸி சீட்டு ஏறக்குறைய உறுதியாகியிருந்தது. ஆகவே அவர் வானத்தைப் பார்த்தார், வேதாகமத்தைப் பார்த்தார், கடைசியில் தன் கால் நகத்தைப் பார்த்தார்.

"யுனிவர்சிட்டிக்காரங்களப் பகைக்கப் பிடாது மாமி. நாளைக்கு நமக்க பிள்ளைய படிக்கண்டாமா?"

"நமக்க பிள்ளைய இல்ல, ஒனக்க பிள்ள" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை பூட்டினார்கள். சபைக் கட்டடத்துக்குப் பல்கலைக்கழகத்தின் பூட்டு. சனிக்கிழமையே பிரீனாவுக்குக் கடைசி வேலை ஒன்று கொடுத்தார்கள். புதன்கிழமை ஒலிவமலையில் பெரிய கருத்தரங்கு; "வளரும் நாடுகளின் மருத்துவத்திலும் கல்வியிலும் பல்கலைக்கழகத்தின் பங்கு" என்று தலைப்பு. அதில் பேச ஒரு பயனாளித் தம்பதி வேண்டும். பிரீனா தலையைக் குனிந்துகொண்டு வந்து விஷயத்தைச் சொன்னாள்.

"பங்கா?" என்றார் சத்தியராஜ். அவருக்குத் தெரிந்த பங்கு, கிறிஸ்மசுக்கு நாலு வீடு சேர்ந்து மாடறுத்துப் பிரிக்கிற பங்குதான். "எத்தற பேருட்டி பங்கு?"

"எல்லாம் அவியளுக்குத்தான் பங்கு. எலும்புகூட நமக்கில்ல" என்றாள் நேசம்மாள். ஆனாலும் போகச் சம்மதித்தாள். பெரியவர்கள் எல்லோரும் ஓரிடத்தில் இருப்பார்கள். முகத்தைப் பார்த்துக் கேட்டால் சென்டரைத் திறந்துவிட மாட்டார்களா என்று அவளுக்கு ஒரு நப்பாசை. அதற்குள் புண்ணின் நிலைமையும் கெட்டுக்கொண்டு வந்தது. பிரீனாவைக் கருத்தரங்கு வேலைக்கு ஒலிவமலையிலேயே நிறுத்திக்கொண்டதால், இவளே உப்புத் தண்ணீரில் கழுவி, வேட்டித்துணியைக் கிழித்துக் கட்டினாள். பிரீனாவின் கைக்குக் கட்டுப்பட்ட புண் இவள் கைக்குக் கட்டுப்படவில்லை. செவ்வாய்க்கிழமை வாடையடித்தது.

புதன்கிழமை பல்கலைக்கழகத்தின் கார் வந்தது. சத்தியராஜ் வெள்ளை வேட்டி கட்டி, வலது குதிகாலை மட்டும் ஊன்றி, கம்பைப் பிடித்துக்கொண்டு ஏறினார். போகிற வழியில் ஒரு சீட்டைப் பிரீனா நேசம்மாளிடம் கொடுத்தாள். மூன்றே வரி. நான் சுகமாக இருக்கிறேன். என் குடும்பம் சுகமாக இருக்கிறது. பல்கலைக்கழகத்துக்கு நன்றி.

"இத எழுதினது யாரு?"

"ராஜகுமார் சாரு. மாமி, எனக்க மேல கோவப்படாதுங்க. காலைலதான் சென்டருக்க பூட்டுத் தாக்கோல எனக்க கையில இருந்து ஒப்பு போட வச்சி அவரு வாங்கினாரு. இன்னையோட எனக்க வேலையும் தீந்துது."

மண்டபம் மீன்பெட்டிக்குள் ஐஸ் கொட்டினதுபோல் குளிர்ந்து கிடந்தது. பதினொரு நாட்டிலிருந்து வந்திருக்கிறார்கள், நூற்று நாற்பது டாக்டர்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள் என்று ஒரு பெண் மைக்கில் பெருமையாகச் சொன்னாள். கழுத்தில் ஆளுக்கொரு அட்டை தொங்கியது. முந்திரிப் பருப்புப் போட்ட கேசரி சுற்றி வந்தது. அந்தப் பருப்பை உடைத்தவளுக்கு ஒரு கிண்ணம் நீட்ட யாருக்கும் தோன்றவில்லை. அவளையும் சத்தியராஜையும் பிரீனாவையும் முன்வரிசையின் ஓரத்தில் உட்கார வைத்தார்கள்.

டாக்டர் ராஜகுமார் பேச எழுந்தார். சமுதாய மருத்துவத் துறையின் தலைவர். நாகர்கோவிலில் பிறந்து, பத்து வருடம் வெளிநாட்டில் இருந்து, ஊர்ப்பேச்சில் பாதியை அங்கேயே விட்டுவிட்டு வந்தவர். மீதிப் பாதிதான் ஆபத்து என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. திரையில் கேள்வித்தாள் பெரிதாக விரிந்தது.

"உடல்நலம் எப்படி என்று கேட்டால் நம் மக்களுக்கு அந்நியமாக இருக்கும். ஆகவே மண்ணின் மொழியில் கேள்வித்தாள் தயாரித்தோம். முதல் கேள்வியே அவர்களுடைய சொல்தான். சுகமா? சுகம் என்று பதில் வந்தால் நோய் பற்றிய முப்பத்தாறு கேள்விகள் தேவையில்லை. கருவி நேராகக் கடைசிக் கேள்விக்குப் போய்விடும். ஒரே நாளில் நானூறு வீடு முடித்தோம். அயனிவிளையில் இன்று தொண்ணூற்றேழு புள்ளி நான்கு சதவீதம் பேர் சுகமாக இருக்கிறார்கள்!"

கைதட்டல் மண்டபத்தைத் தூக்கியது. நேசம்மாள் தட்டவில்லை. பிரீனாவின் பக்கம் திரும்பினாள்.

"பிரீனா, நான் அண்ணு வாசல்ல வச்சி சொகந்தாண்ணு சொன்னேனே... அதையா எழுதினாவ?"

பிரீனா ஆமென்று தலையாட்டினாள்.

அந்த ஊரில் வாசலில் நின்று சுகமா என்று கேட்டால் சுகம் என்பதுதான் பதில். கேட்டவர் நோயை விசாரிக்கவில்லை, சொன்னவரும் நோயைப் பற்றிச் சொல்லவில்லை. இரண்டுபேரும் மரியாதை செய்துகொள்கிறார்கள், அவ்வளவுதான். வந்தவர் உள்ளே வந்து உட்கார வேண்டும், ஒரு வாய் குடிக்க வேண்டும், பிறகு தணிந்த குரலில் "பின்ன, வேற என்ன?" என்று கேட்க வேண்டும். அப்போதுதான் முட்டு வலியும் நெஞ்சடைப்பும் கர்ப்பப்பைக் கோளாறும் ஒவ்வொன்றாக வெளியே வரும். சிறுபிள்ளைக்குக்கூடத் தெரிந்த இந்தச் சங்கதி நூற்று நாற்பது டாக்டர்களுக்குத் தெரியவில்லை. படிப்பு அவ்வளவு. இவள் மரியாதைக்குச் சொன்ன ஒரு சொல்லை எடுத்துத்தான் இவள் புருஷன் காலுக்கு உலை வைத்திருக்கிறார்கள்.

பயனாளியைப் பேச அழைத்தார்கள். நேசம்மாள் மேடையேறி, அந்தச் சீட்டை மைக்குக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"சாரே, எங்க ஊருல வாசல்ல நிண்ணு ஒருத்தரு சொகமாண்ணு கேட்டா சொகந்தாண்ணுதான் சொல்லுவோம். பெட்டியில வச்சி ஆணி அடிச்சாச்சுண்ணாத்தான் சொல்ல மாட்டோம்."

மண்டபம் சிரித்தது. ராஜகுமாரும் சிரித்துக்கொண்டே, அருமை, மண்ணின் நகைச்சுவை என்று பக்கத்து விருந்தினருக்கு விளக்கினார்.

"சிரிக்கண்டாம். வாறவரு உள்ள வந்து இருந்து சாய குடிச்ச பொறவுதான் இன்ன சொகக்கேடுண்ணு சொல்லுவோம். ஒங்க பிள்ளைய இருக்கவும் இல்ல, குடிக்கவும் இல்ல. ஒரு வீட்டுலயும் இருக்கல்ல. அதுக நானூறு வீட்டுக்கும் போயி வணக்கம் வாங்கீட்டு வந்துருக்கு. அத வச்சி எங்களுக்கு இருந்த ஒரு சென்டரையும் பூட்டியாச்சு."

சிரிப்புக் கொஞ்சம் குறைந்தது. யாரோ ஒருவர் கைதட்டிப் பார்த்து, துணைக்கு ஆளில்லாமல் நிறுத்தினார். ராஜகுமார் மைக்கை நோக்கி வந்தார். அதற்குள் நேசம்மாள் மேடையை விட்டு இறங்கிவிட்டாள். முன்வரிசையில் வெள்ளைத்துணி போர்த்திய நாற்காலி ஒன்று காலியாக இருந்தது. அதை இழுத்து, சத்தியராஜின் வலது காலைத் தூக்கி அதன்மேல் வைத்தாள்.

"எட்டி, எல்லாரும் பாக்கினும்" என்றார் சத்தியராஜ். அவருக்கு வெட்கமாக இருந்தது.

"பாக்கட்டும். பாக்கதுக்குத்தானே டாக்டருக்குப் படிச்சது."

வேட்டித்துணியை ஒவ்வொரு சுற்றாக அவிழ்த்தாள். கடைசிச் சுற்று புண்ணோடு ஒட்டியிருந்தது. வாடை மூன்று வரிசைக்குப் போயிற்று. பின்னுக்குப் போனவர்கள் உண்டு, கைக்குட்டையை எடுத்தவர்கள் உண்டு. கேசரிக் கிண்ணத்தைக் கீழே வைத்த ஒருவரும் உண்டு.

"நூத்தி நாப்பது டாக்டரு இருக்காவண்ணு சொன்னாவளே. யாரெல்லாம்? கையத் தூக்குங்க பாப்போம்."

கைகளைத் தூக்கினார்கள். தூக்கின கையிலெல்லாம் செல்போன் இருந்தது.

பிரீனாதான் ஓடிவந்தாள். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தாள். அவள் முகம் மாறியதை நேசம்மாள் கவனித்தாள். "உள்ள சீழும் சலமும் கெட்டியிருக்கு மாமி. இப்பவே எடுக்கணும்" என்றவள், சலைனும் காஸ் துணியும் வேண்டுமென்று கத்தினாள். சுவரில் சிவப்புச் சிலுவை போட்ட முதலுதவிப் பெட்டி இருந்தது. தொண்டர் ஒருவர் அதைக் கொண்டுவந்து திறந்தார். உள்ளே மைக்குக்குப் போடுகிற பேட்டரி ஆறும், ஒயர் சுருள் ஒன்றும், பாதி தின்ற பிஸ்கட் பாக்கெட்டும் இருந்தன.

ராஜகுமார் வேர்த்துக்கொண்டு வந்தார். "அம்மா, நம்ம ஆஸ்பத்திரி பின்னாலதான் இருக்கு. ஸ்ட்ரெச்சர் வரச் சொல்லியிருக்கேன். இன்னைக்கே அட்மிஷன் போட்டு, எல்லாம் இலவசமா..."

"இண்ணு நீங்க பாப்பிய. போட்டோவும் பிடிப்பிய. மறுநாளு கழிஞ்சு யாரு கெட்டு மாத்துவா?"

முப்பத்தெட்டுக் கேள்வி தயாரித்த மனிதருக்கு இந்த ஒரு கேள்வி தோன்றியிருக்கவில்லை.

"இண்ணு ஒங்க ஆஸ்பத்திரியில சலத்த எடுங்க, வேண்டாம்ணு சொல்லல்ல. ஆனா மருந்தும் துணியும் எல்லாம் எங்க சபைக் கெட்டிடத்துலதான் இருக்கு. தாக்கோலத் தாருங்க" என்று கையை நீட்டினாள்.

"சாவியா? அதுக்குன்னு ஒரு நடைமுறை இருக்கு. அப்படி உடனே..."

அண்டிப்பால் கறை படிந்த அந்தக் கை நீட்டினபடியே இருந்தது. சுற்றிலும் செல்போன்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தன. மேடையிலிருந்து துணைவேந்தர், மைக் அணையவில்லை என்பதை மறந்து, "குடுத்துத் தொலையும்யா" என்றார். அது பதினொரு நாட்டுக்கும் நன்றாகவே கேட்டது. ராஜகுமார் பையைத் துழாவி, அட்டை கட்டிய சாவியை எடுத்து அவள் கையில் வைத்தார். ஒரு வாரத்தில் திருப்பித் தர வேண்டும் என்று மட்டும் மெல்லச் சொன்னார்.

அவள் திருப்பித் தரவில்லை. பல்கலைக்கழகத்திலிருந்து மூன்று கடிதம் வந்தது. மூன்றாவதைப் பெனிஷ் சபைக் கூட்டத்தில் நடுங்கி நடுங்கி வாசித்தபோது நேசம்மாள் எழுந்து, "கெட்டிடம் சபைக்கது. பூட்டுதான் அவியளுக்கது. வேணும்ணா வந்து பூட்டக் கழத்தீட்டுப் போவட்டு" என்றாள். யாரும் வந்து கழற்றவில்லை. பிரீனாவுக்கு மார்த்தாண்டத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. வாரத்தில் மூன்று நாள் டியூட்டிக்கு முன்னால் அயனிவிளையில் இறங்கிக் கட்டு மாற்றிவிட்டுப் போகிறாள். பஞ்சும் துணியும் சபைப் பெண்கள் வாங்கிப் போடுகிறார்கள். அன்றைக்கு ஒலிவமலை ஆஸ்பத்திரியில் சீழை எடுத்தபோது சத்தியராஜுக்குப் பெருவிரலை அடுத்த விரல் போய்விட்டது. சென்டர் பூட்டிக் கிடந்த அந்த நாலைந்து நாளில் உள்ளே போன சீழ் எலும்பைத் தொட்டுவிட்டது. மற்ற நாலு விரலும் பாதமும் இருக்கின்றன. மேல்புண் மறுபடியும் சுருங்கி வருகிறது.

போன வாரம் நேசம்மாள் பேருக்கு ஒரு பார்சல் வந்தது. கனமான, மினுமினுக்கிற புத்தகம், பல்கலைக்கழகத்தின் ஆண்டறிக்கை. பிரீனா புண்ணின் கட்டை அவிழ்க்கும் முன் அதைப் புரட்டிப் பார்த்தாள். பதினான்காம் பக்கத்தில் நேசம்மாள் மேடையில் நிற்கிற படம் இருந்தது. கீழே எழுதியிருந்ததை வாசித்தாள்: "சமுதாயப் பங்கேற்பில் ஒரு மைல்கல்! பல்கலைக்கழகம் தொடங்கிய மையத்தைத் தாமே ஏற்று நடத்தும் அயனிவிளை மக்கள். பயனாளி திருமதி நேசம்மாளிடம் சாவி ஒப்படைக்கப்பட்டபோது."

பிரீனாவுக்குக் கண் கலங்கியது, சிரிப்பும் வந்தது.

"எத்தன பக்கம் உண்டு அதுல?" என்று கேட்டாள் நேசம்மாள்.

"எம்பத்தாறு, மாமி."

நேசம்மாள் புத்தகத்தை வாங்கி, துணைவேந்தரின் வாழ்த்துரை இருந்த தாளைச் சரக்கென்று கிழித்து, சீழ் சொட்டாமலிருக்கப் புருஷனின் காலுக்கடியில் பரப்பி விரித்தாள். விரலால் ஒருதரம் தடவியும் பார்த்தாள்.

"நல்ல தாளு பிள்ள, நனையாது. மூணு மாசத்துக்கு வரும்."